நானூற்றைம்பது கிலோ அனுமதி

எடை மேடையின் பலகையில் 3310 என்று சிவப்பு எழுத்தில் எரிந்ததும், மெர்வின் ஸ்டாக்போல் முதலில் சந்தேகப்பட்டது பலகையைத்தான்.

"இந்த மிஷின கடைசியா எப்ப சோதிச்சாங்க?"

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சாசேஜ் ரோல் தின்றுகொண்டிருந்த ரஸ் வாயைத் துடைத்துக்கொண்டான். "போன மாசம். மிஷின் நல்லாத்தான் இருக்கு தலைவரே. உங்க வண்டிதான் குண்டாயிருச்சு."

மெர்வின் தன் பிக்கப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்னால் அவருடைய கேரவன் கொக்கியில் மாட்டியபடி மேடைக்கு வெளியே வெள்ளையாக நின்றது. முப்பத்தொரு வருஷம் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில், பெண்டிகோ வட்டாரத்து நகராட்சி ஒன்றில் கட்டட ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒரு வேலி அனுமதித்த உயரத்தைவிட ஏழு சென்டிமீட்டர் அதிகம் என்று நோட்டீஸ் கொடுத்து, நின்று பிரிக்கவைத்த ஆள். வேலி அவர் மனைவி க்ளெனிஸின் சொந்தத் தம்பியுடையது. இரண்டு கிறிஸ்துமஸுக்கு அவன் இவர்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. மூன்றாவது கிறிஸ்துமஸுக்கு வந்தவன், வாசல் படியின் உயரத்தை டேப் வைத்து அளந்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தான்.

அப்படிப்பட்டவரின் வண்டி இப்போது சட்டத்தைவிட இருநூற்று அறுபது கிலோ அதிகமாக நின்றது. கதவு இடுக்கில் ஒட்டியிருந்த தகட்டில் 3050 என்று தெளிவாக அடித்திருந்தது.

"என்ன போட்டிருக்கு மெர்வ்?" முன் சீட்டிலிருந்து க்ளெனிஸ் கேட்டாள். பலகை அவளுக்கு நேர் எதிரேதான் இருந்தது.

"கொஞ்சம் கூட."

"கொஞ்சம்னா? என் தம்பி வேலி அளவுக்கா?"

ரஸ் சிரித்தான். மெர்வின் சிரிக்கவில்லை.

க்ளெனிஸுக்குக் கண்ணின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டு வந்தது. இரண்டு கண்ணும். ஓரப் பார்வை இருக்கும், நேரே பார்ப்பது மட்டும் மெல்ல மெல்லக் கரையும். சரிசெய்ய வழியில்லை என்று பிப்ரவரியில் டாக்டர் சொல்லியிருந்தார். "இந்த வசந்தம், செப்டம்பர் வரைக்கும் சமாளிச்சிரும்னு நெனைக்கிறேன். அடுத்த வசந்தத்துக்கு என்னால வாக்குக் குடுக்க முடியாது." அன்றைக்குக் காரில் திரும்பும்போது அவள் அழவில்லை. "அப்ப இந்த வருஷமே மாலைப்பூவப் பாத்துடணும்" என்றாள், அவ்வளவுதான்.

மேற்கு ஆஸ்திரேலியாவில், மல்லவா என்ற ஊரைச் சுற்றிய சரளை மண் சாலைகளின் ஓரத்தில், ஆகஸ்ட் செப்டம்பரில் மட்டும் தரையோடு தரையாக, மாலை வைத்தது போல வளையமாகப் பூக்கிற பூ அது. க்ளெனிஸ் நாற்றுப் பண்ணையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள். அவள் கைக்கு வசப்படாத செடி என்று ஒன்று உண்டென்றால் இதுதான். தொட்டியில் வைத்தால் சாகும். பண்படுத்திய மண்ணில் வைத்தால் இன்னும் சீக்கிரம் சாகும். சாலை போடுகிற இயந்திரம் கிளறிப்போட்ட குப்பை மண்ணில் மட்டும் தானாக வரும். அதைப் பார்க்க வேண்டுமானால் அது இருக்கிற இடத்துக்கு நாம்தான் போக வேண்டும். மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்.

"பேசாமப் போயிடலாம்" என்றாள் இப்போது. "எவன் ரோட்டுல தராசு வச்சுக்கிட்டு நிக்கப் போறான்?"

"நிக்கிறாங்க. நிக்கலைன்னாலும், நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ்காரன் மொதல்ல இந்த எடையத்தான் கேப்பான்."

"சட்டப்படியே ஏத்திக்கலாமே தலைவரே" என்றான் ரஸ். "ஸ்பிரிங் பட்டைய மாத்தி, இன்ஜினியர்கிட்ட கையெழுத்து வாங்கி, புதுத் தகடு அடிச்சுக் குடுப்பாங்க. 3500 வரைக்கும் போகலாம். ஊர்ல பாதிப் பேரு அதத்தான் பண்றான். மீதிப் பேரு எடையே பாக்கறதில்ல."

சட்டப்படி என்ற சொல் மெர்வினின் முதுகை நிமிர்த்தியது. மே மாதம்தான் நடந்துகொண்டிருந்தது. நேரம் இருக்கிறது என்று நினைத்தார்.

பட்டறையை நடத்தியவள் மரீட்சா. ஐம்பது வயது, கையில் எப்போதும் கிரீஸ், வாயில் எப்போதும் வாக்குவாதம். மெர்வின் கொண்டுபோன கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தாள்.

"பின்னால ஸ்பிரிங் பட்டை, முன்னால சுருள், நாலு ஷாக் அப்சார்பர். எல்லாம் கனமானது. சாமான் வர ஆறு வாரம் ஆகும். அப்புறம் இன்ஜினியர் வந்து பாத்துச் சான்றிதழ் குடுக்கணும். வண்டி தனியாச் சொமக்கறதுக்கு நானூத்தம்பது கிலோ கூடுதலாக் கெடைக்கும்." வெளியே வந்து எழுந்து நின்றாள். "ஒண்ணு மட்டும் கேட்டுக்குங்க. வண்டியும் கேரவனும் சேந்து மொத்தமா இவ்வளவுதான் இருக்கலாம்னு ஒரு கணக்கு இருக்கு. உங்களுக்கு அது 5950. அது மாறாது. அது இன்ஜின், பிரேக் சமாச்சாரம், நான் கை வைக்க முடியாது. காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு, விழுந்துச்சு" என்றார் மெர்வின். அவர் சுவரில் மாட்டியிருந்த இரும்பு பம்பர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கங்காரு மோதினாலும் தாங்குகிற ரகம். "அது எவ்வளவு கனம்?"

"வின்ச்சோட சேத்தா தொண்ணூத்தஞ்சு கிலோ."

"நமக்குத்தான் நானூத்தம்பது வருதே."

அங்கேதான் கோளாறு ஆரம்பித்தது. அந்த ஊர்களில் ஓய்வு பெற்ற ஆண்களுக்கு இது ஒரு பருவகால நோய். வண்டிக்கு இருநூற்று அறுபது கிலோ அதிகமாகிவிட்டது என்று பதறிக்கொண்டு வருவார்கள். நானூற்றைம்பது கிடைக்கும் என்று தெரிந்ததும், மீதி நூற்றுத் தொண்ணூறை எதைக் கொண்டு நிரப்புவது என்ற கவலை பிடித்துக்கொள்ளும். காலியாக இருக்கிற அனுமதியைப் பார்த்துக்கொண்டு ஒரு ஆண்பிள்ளையால் சும்மா இருக்க முடியாது. மெர்வின் பம்பர் வாங்கினார், வின்ச் வாங்கினார். இரண்டாவது ஸ்டெப்னி டயர் ஒன்றும் வாங்கினார். மணலில் சிக்கினால் வண்டியை இழுக்கத்தான் வின்ச் என்று க்ளெனிஸுக்கு விளக்கினார்.

"நாம போறது தார் ரோடு."

"கடைசில சரளை மண்ணுன்னு நீதானே சொன்ன?"

"நாப்பது கிலோமீட்டர் சரளை மெர்வ். ஸ்கூல் பஸ் போற ரோடு அது."

சமையலறையில் ஃப்ரிட்ஜ் கதவின் மேல் டாக்டர் கொடுத்த கட்டம் போட்ட தாள் ஒட்டியிருந்தது. தினம் காலையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். கோடுகள் வளைந்தாலோ, கட்டம் காணாமல் போனாலோ குறித்துவைக்க வேண்டும். ஜூன் மாதத்தில் ஒரு காலை அவள் அதன் முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றாள்.

"எப்படி இருக்கு?" என்றார் மெர்வின்.

"நடுக் கோடு ரெண்டும் வளையுது. வெயில்ல கம்பி தொய்ஞ்ச மாதிரி."

மெர்வின் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். வாழ்நாள் முழுக்கக் கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்துச் சம்பளம் வாங்கியவர். விரலை வைத்து மேலிருந்து கீழே ஒருமுறை ஓட்டினார். "நேராத்தான் இருக்கு."

"தாள்ல நேராத்தான் இருக்கும்" என்றாள் அவள், கோபமே இல்லாமல். பிறகு, "ப்ளேன்ல போயிடலாமா? நாலு மணி நேரம். அங்க ஒரு சின்னக் கார வாடகைக்கு எடுத்துக்கலாம்" என்றாள்.

விவாகரத்துக்கு மனு கொடுத்ததைப் போல அவளைப் பார்த்தார் மெர்வின். "கேரவன் எதுக்கு வாங்குனோம்? ஜூலைல எல்லாம் முடிஞ்சிரும். ஒரு கையெழுத்துதான் பாக்கி."

வெளியே போய் வண்டியின் கீழே படுத்து, இன்னும் மாட்டாத பட்டைகளின் இடத்தை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்ப்பதற்கு எதுவும் இல்லை. ஆனாலும் அரை மணி நேரம் வெளியே வரவில்லை.

ஜூலைக் கடைசியில் இன்ஜினியர் வந்தார். குறுக்கும் நெடுக்கும் அளந்தார், ஆறு பக்கச் சான்றிதழ் கொடுத்தார். மரீட்சா புதுத் தகட்டை ரிவெட் அடித்தாள். 3500. மெர்வின் அதைப் படம் எடுத்துக் கேரவன் சங்கத்தின் குழுவுக்கு அனுப்பினார். பதினொரு பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

அது போதவில்லை. சங்கத்தின் மாதக் கூட்டத்தில் "எடையும் ஒழுக்கமும்" என்ற தலைப்பில் நாற்பது நிமிஷம் பேசினார். எடை பார்க்காமல் சாலையில் இறங்குகிறவன் அண்டை வீட்டுக்குத் தீ வைக்கிறவனுக்குச் சமம் என்றார். ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்து, இதுவும் எடைதான் என்றார். முன்வரிசையில் இருவர் தூங்கினார்கள். மூன்றாமவர், இரண்டு மாடி அளவுக்குக் கேரவன் வைத்திருப்பவர், தலையைக் குனிந்தபடி ஜாம் தடவிய ஸ்கோனைத் தின்றார். முடிவில் மெர்வின் அனைவரையும் எடை மேடைக்கு அழைத்தார். முழுச் சுமையுடன், கேரவனுடன், ஒழுங்கான வண்டி எப்படி நிற்கும் என்று செவ்வாய்க்கிழமை காலை காட்டுவதாகச் சொன்னார். மறுநாளே மல்லவாவுக்குப் புறப்பாடு.

செவ்வாய்க்கிழமை ஒன்பது பேர் வந்திருந்தார்கள். மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்க், கம்பளித் தொப்பி எல்லாவற்றோடும். ரஸ் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன தலைவரே, கூட்டமெல்லாம் சேத்திருக்கீங்க? டிக்கெட் போட்டிருக்கலாமே" என்றான்.

பிக்கப் மேடை ஏறியது. 3480. இருபது கிலோ மிச்சம். மெர்வின் கதவைத் திறந்து தகட்டை எல்லாருக்கும் காட்டினார். யாரோ கை தட்டினார்கள்.

"கேரவனையும் ஏத்துங்க" என்றான் ரஸ்.

வண்டி முன்னே நகர்ந்தது, எல்லாச் சக்கரங்களும் மேடைக்கு வந்தன. பலகை கொஞ்ச நேரம் யோசித்து 6110 என்றது.

"உங்க வண்டிக்கு மொத்தக் கணக்கு எவ்வளவு?" என்று கேட்டான் ரஸ். குரலில் கேலி குறைந்திருந்தது. அதுதான் மெர்வினைப் பயமுறுத்தியது.

அவர் சான்றிதழைப் பிரித்தார். இரண்டாம் பக்கம், நாலாவது வரி. வண்டியும் கேரவனும் சேர்ந்த மொத்த எடை: 5950, மாற்றமில்லை. ஆறு பக்கத்தையும் படம் எடுத்து ஊருக்கே அனுப்பியவர் அவர். படித்தது தகட்டிலிருந்த எண்ணை மட்டும்.

"நூத்தறுபது கூட" என்றார் கம்பளித் தொப்பிக்காரர் ஒருவர், உதவி செய்கிற தொனியில்.

"மே மாசம் ரெண்டும் சேத்து எவ்வளவு இருந்துச்சு?" என்று ஸ்கோன்காரர் கேட்டார்.

ரஸ் பதிவேட்டைப் புரட்டினான். "5940. பத்து கிலோ மிச்சமா இருந்துச்சு. அப்பறம் நூத்தெழுபது ஏத்தியிருக்காரு."

யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. அவர்கள் நல்லவர்கள். ஃபிளாஸ்குகளை மூடினார்கள், நாற்காலிகளை மடக்கினார்கள், போகிற போக்கில் ஒவ்வொருவரும் மெர்வினின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். துக்க வீட்டிலிருந்து கிளம்புவது போல இருந்தது.

"புதுசா ஏத்துனத எறக்கிடு" என்றாள் க்ளெனிஸ். "அவ்வளவுதானே?"

அவ்வளவுதான் என்றே மெர்வினும் நினைத்தார். இரண்டாவது ஸ்டெப்னியை இறக்கினார், முப்பத்தைந்து கிலோ போனது. பம்பரைக் கழற்ற மரீட்சாவிடம் போனார். அவள் கழற்றிவிட்டு எட்டி நின்று பார்த்தாள், டேப்பை எடுத்து அளந்தாள், மறுபடி அளந்தாள்.

"மூக்கு தூக்கிருச்சு."

"என்னது?"

"முன் சுருள அந்தப் பம்பர் கனத்துக்குன்னு பாத்துப் பாத்துப் போட்டேன். பம்பர் இல்லைன்னா வண்டி முன்னால தூக்கி நிக்குது. சட்டம் விடற உயரத்தவிடப் பன்னெண்டு மில்லிமீட்டர் கூட."

"பன்னெண்டு மில்லிமீட்டர்தானே" என்று மெர்வினின் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு அவரே அதைக் கேட்டார். முப்பத்தொரு வருஷமாக மற்றவர்கள் தன்னிடம் கெஞ்சிய அதே வாக்கியம். ஏழு சென்டிமீட்டர்தானே, ஒரு ஜன்னல்தானே, ஒரே ஒரு படிதானே.

"தானே இல்ல" என்றாள் மரீட்சா. "வேற சுருள் போடணும். போட்டா இன்ஜினியர் மறுபடி பாத்துக் கையெழுத்துப் போடணும்."

"அவரக் கூப்பிடு."

"ஊர்ல இல்லையே. செப்டம்பர் இருபதுக்கு மேலதான் வருவாரு. கேரவன மாட்டிக்கிட்டு மேற்க போயிருக்காரு." பம்பரைத் திரும்ப மாட்ட ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "ஏதோ பூ பாக்கவாம்."

மெர்வின் கேரவனுக்குள் புகுந்து வேட்டையாட ஆரம்பித்தார். தண்ணீர்த் தொட்டி முன்பே காலியாகத்தான் இருந்தது. வெளியே போடுகிற மேசை போனது, நாற்காலிகள் போயின. க்ளெனிஸ் வாசலில் நின்று ஒவ்வொன்றாக நீட்டினாள்: இரண்டு தட்டு, வாணலி, தலையணை, முள்கரண்டி.

"கரண்டி என்ன கனம் வந்துரப் போகுது?"

"நீதானே ஸ்க்ரூ டிரைவர் கூட எடைன்னு மேடைல பேசுன?"

எல்லாம் சேர்த்துப் பத்தொன்பது கிலோ. இன்னும் நூற்றுக்கு மேல் பாக்கி. மெர்வின் காத்திருந்தார். காத்திருப்பது சட்டப்படி சரியான காரியம் என்பதால் அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. ஆகஸ்ட் போனது. மாலைப்பூக்கள் விரிந்துவிட்டதாகச் செய்தியில் காட்டினார்கள். க்ளெனிஸ் தொலைக்காட்சிக்குப் பக்கவாட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

செப்டம்பர் பதினான்காம் தேதி காலையில் மெர்வின் பால் எடுக்கப் போனபோது ஃப்ரிட்ஜ் கதவில் அந்தத் தாள் இல்லை. நான்கு காந்தங்கள் மட்டும் இருந்தன.

"எங்க அது?"

"எடுத்துட்டேன். இனிமே எதுக்கு? நடுவுல கட்டமே இல்ல. சாம்பல் கலர்ல ஒரு கட்டி இருக்கு, நான் எங்க திரும்புறேனோ அங்க அதுவும் வருது." டீக்கோப்பையைத் தேடி மேசையில் கையை நகர்த்தினாள். "உன் மூஞ்சி இருக்கற எடத்துலகூட அதுதான் இருக்கு."

மெர்வின் பால் பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றார். டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் வருத்தம் தெரிவித்தார், இரண்டு வாரம் கழித்து ஒரு நேரம் கொடுத்தார், எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் வேகம்தான் என்றார். எவ்வளவு கொஞ்சம் என்று மெர்வின் கேட்டார். அதை அப்படி அளக்க முடியாது என்றார் டாக்டர்.

பிறகு மெர்வின் வெளியே போய்க் கேரவனைக் கொக்கியிலிருந்து கழற்றினார்.

எடை மேடையில் பிக்கப் தனியாக 3175 காட்டியது. சட்டத்துக்குள் வசதியாகவே.

"கேரவன் எங்க தலைவரே?"

"விட்டுட்டுப் போறோம்."

ரஸ் எதையோ மனசுக்குள் கூட்டிக் கழித்தான். சொல்லலாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது. சொல்லிவிட்டான். "மே மாசம் 3310ல கேரவன் கொக்கில அழுத்துன எரநூத்தெழுபதும் சேந்துதான் இருந்துச்சு. அன்னைக்கே கழட்டி விட்டிருந்தா 3040. பழைய தகட்டுக்கே பத்து கிலோ மிச்சம்."

"தெரியும்" என்றார் மெர்வின். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. முன் சீட்டில் க்ளெனிஸ் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள். அவள் ஏதாவது சொல்லி இடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போய்ச்சேர ஐந்து நாள். வழியெல்லாம் மோட்டல்களில் படுத்தார்கள். விமானத்தில் இதே தூரம் நாலு மணி நேரம் என்பது நல்லர்பார் சமவெளியின் நடுவில், மூன்றாவது நாள், ஒரு மரம்கூட இல்லாத இடத்தில் மெர்வினுக்கு முழுதாக உறைத்தது. கனமான பட்டைகள் காலி வண்டியைக் கல்லைப் போலத் தூக்கித் தூக்கிப் போட்டன. "சட்டப்படி குலுங்குது" என்றாள் க்ளெனிஸ் ஒருமுறை. அந்தப் பயணத்தில் அவள் சொன்ன ஒரே ஜோக் அது.

மல்லவாவைத் தாண்டிச் சரளைச் சாலையில் திரும்பியபோது மத்தியானம் ஆகியிருந்தது. ஓரங்களில் கார்த் தடங்கள் இருந்தன. ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மெர்வின் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நடந்தார். முதல் செடி பழுப்பாகச் சுருண்டு கிடந்தது. இரண்டாவதும் அப்படியே. எண்ணிக்கொண்டே போனார், எண்ணுவது அவர் பழக்கம். இருபத்தாறாவது செடியில் ஒரு பக்கம் இன்னும் உயிர் இருந்தது. திரும்பி வந்து க்ளெனிஸின் முழங்கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போனார்.

அவள் சரளையில் முழங்காலிட்டாள்.

"வாடிருச்சா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எந்தக் கணவனும் சொல்லியிருப்பான். மெர்வின் வாயைத் திறந்தார். "எழுபது சதவீதம் காஞ்சிருச்சு" என்றார்.

"ம்." அவள் கையை நீட்டி மெல்லத் தடவினாள். நாற்றுப் பண்ணைக் கை. எது காய்ந்தது, எது ஈரம் என்று அதற்குத் தெரியும். விரல்கள் வளையத்தின் ஓரமாகப் போய் ஒரு இடத்தில் நின்றன. "இங்கதானே மிச்சம் முப்பது?"

"ஆமா. அங்கதான். செகப்பா இருக்கு. உள்பக்கம் மஞ்ச. ஒரு... ரெண்டு விரல் அகலம்." ஆய்வறிக்கைகளில் அளவுக்கு மேல் அவர் எதையும் எழுதியதில்லை.

அவள் தலையைப் பறவை மாதிரி ஒரு பக்கமாகச் சாய்த்தாள். அப்படியே வைத்திருந்தாள். பிறகு சட்டென்று நேரே திரும்பினாள், மறுபடி சாய்த்தாள்.

"வருது. செகப்பா ஏதோ ஓரத்துல வருது. பாக்கலாம்னு திரும்புனா போயிருது."

"அப்பத் திரும்பாத" என்றார் மெர்வின்.

"திரும்பாம எப்படிப் பாக்கறது?"

காற்று அடித்தது. காய்ந்த இதழ்கள் சில கழன்று சரளையில் ஓடின. அவற்றைப் பிடிப்பது போல மெர்வின் ஒரு எட்டு முன்னால் வைத்தார்.

"நெழல் விழுது, மெர்வ். தள்ளி நில்லு."

அவர் இடப்பக்கம் தள்ளினார்.

"இன்னும் விழுது."

வலப்பக்கம் வந்தார். பின்னால் போனார். சூரியன் உச்சியிலிருந்து சற்றுச் சாய்ந்திருந்தது. எங்கே நின்றாலும் அவர் உடம்பு ஏதோ ஒரு பக்கம் குறுக்கே வருவது போலவே இருந்தது. கடைசியில் சாலையின் நடுவுக்கே போய் நின்று, "இப்ப?" என்று கேட்டார். அவள் தலையைச் சாய்த்தபடி, அந்தச் செடியைத் தவிர எல்லாத் திசையையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.